நாகஸ்வரம் கேட்கப் பழகுவது எப்படி: ஒரு மைக்செட்காரர் சொல்வது

கோயில் திருவிழாவுக்குப் பெயர் பெற்ற நாகஸ்வர வித்வான் யாராவது வந்து வாசித்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் எனக்குப் போன் வரும். கடலூர் முதுநகரில் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். மேடைக்குப் பக்கத்தில் மிக்சரோடு உட்கார்ந்திருந்தவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடுகிறார்கள். “அண்ணே, ராத்திரி கடைசியில ரொம்ப நேரம் வாசிச்சாரே, அது என்னண்ணே? அது மாதிரி இன்னும் கேக்கணும்னா எங்க போறது?”

கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர்கள். இளையராஜாவிலிருந்து அனிருத் வரை அத்துப்படி. நாகஸ்வரம் மட்டும் அவர்களுக்குக் கல்யாண வீட்டு வாசலில் கேட்கும் சத்தம். வந்தவர் பிரபலம், போனில் வீடியோ எடுக்கலாம் என்று போனவர்கள், வீடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கு ஸ்வரம் போட்டு எழுதத் தெரியாது. மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டு வந்த அறிவுதான். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அது போதும் என்பது என் எண்ணம். சங்கீதம் முறையாகப் படித்தவர்கள் எடுத்தவுடன் மேளகர்த்தா எழுபத்திரண்டு என்று ஆரம்பிப்பார்கள், பையன் அன்றோடு ஓடிவிடுவான்.

முதலில் ராகத்தின் பெயர்

கச்சேரி முடிந்த அன்று ராத்திரியே யூடியூபில் வித்வானின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். கல்யாண வீடியோ, கோயில் வீடியோ, டிவி பேட்டி என்று நூறு வந்து கொட்டும். எதைக் கேட்டாலும் நேரில் கேட்டது போல இருக்காது. அரை மணி நேரத்தில் சலித்துவிடும். அன்றைக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: உங்களை உட்கார வைத்த அந்த இடத்தில் வாசித்தது என்ன ராகம்?

அதை வாசித்தவர்களிடமே கேட்கலாம். பெரிய வித்வானைச் சுற்றிச் சால்வையும் செல்ஃபியுமாகக் கூட்டம் நிற்கும். அங்கே போய் இடிக்க வேண்டாம். தாளம் போட்டவரோ, இரண்டாவது நாயனம் (நாகஸ்வரத்துக்கு இன்னொரு பெயர்) வாசித்தவரோ ஓரமாக உறை கட்டிக்கொண்டிருப்பார். “ஐயா, கடைசிக்கு முன்னாடி விஸ்தாரமா வாசிச்சீங்களே, அது என்ன ராகங்க?” என்று கேளுங்கள். முகம் மலர்ந்து சொல்வார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சில சமயம் அடுத்து எந்த ஊரில் கச்சேரி என்பதையும் சொல்லிவிடுவார், அது உங்களுக்கு லாபம்.

சண்முகப்பிரியா என்று சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ‘மறைந்திருந்து பார்க்கும் மர்மம் என்ன’ பாட்டு சண்முகப்பிரியாதான். பி. சுசீலா பாடியது, கே.வி. மகாதேவன் இசை. உங்கள் வீட்டில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ முழுப் பாட்டும் மனப்பாடமாக இருக்கும். அதை இரண்டு மூன்று தடவை கேட்டு, வாய்க்குள் முனகிக்கொள்ளுங்கள். அடுத்ததாகப் பாபநாசம் சிவனின் ‘சரவணபவ எனும் திருமந்திரம்’, யாராவது கர்நாடக சங்கீதப் பாடகர் பாடியது. அதுவும் அதே ராகம், அதுவும் தமிழ். மூன்றாவதாக, நாகஸ்வரத்தில் சண்முகப்பிரியா ஆலாபனை, அதாவது அந்த ராகத்தை மட்டும் விரித்து வாசிப்பது. மூன்றையும் வரிசையாகக் கேட்டால், ஒரு குடும்பத்து ஆட்களிடம் தெரியும் முகச்சாடை போல ஏதோ ஒன்று பிடிபடும். மூக்கா, தாடையா என்று உடனே சொல்ல வராது, ஆனால் இவர்கள் உறவு என்று தெரிந்துவிடும். முதல் வாரத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை.

வேறு ராகம் என்றாலும் இதே வழிதான். கல்யாணி என்றால் ‘மன்னவன் வந்தானடி’, ‘ஜனனி ஜனனி’. மோகனம் என்றால் ‘நின்னுக்கோரி வர்ணம்’, அந்தப் பாட்டே மோகன வர்ணத்தை எடுத்துக்கொண்டு செய்ததுதான். தோடி என்று சொன்னால் கொஞ்சம் பொறுமை வேண்டும், அது உடனே பிடி கொடுக்காத ராகம். ‘வருஷம் 16’ படத்தின் ‘கங்கைக்கரை மன்னனடி’யில் தொடங்குங்கள். ஆபேரி என்றால் யோசிக்கவே வேண்டாம். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகி பாடிய ‘சிங்கார வேலனே தேவா’. அதில் குரலோடு போட்டி போட்டு வரும் நாகஸ்வரம் காருக்குறிச்சி அருணாசலம் வாசித்தது.

தேடும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நாகஸ்வரம், நாதஸ்வரம், நாயனம் என்று மூன்று விதமாகவும் எழுதிப் பதிவேற்றியிருப்பார்கள். ஒன்றில் கிடைக்காதது இன்னொன்றில் கிடைக்கும்.

ஆலாபனையில் வார்த்தை கிடையாது, தாளக் கணக்கும் கிடையாது. சினிமாப் பாட்டில் பழகிய காதுக்கு அங்கேதான் தொலைந்து போவது போல இருக்கும். நான் சொல்வது இவ்வளவுதான். வித்வான் கீழே தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறுகிறார், உச்சியில் கொஞ்ச நேரம் நின்று சுற்றுகிறார், பிறகு இறங்குகிறார். எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் பின்தொடருங்கள். போகிற வழியில் ஒரே ஸ்வரத்தை இழுத்துப் பிடித்து நிற்பார், அது கார்வை. நாகஸ்வரத்தின் அழகே அங்கேதான் என்பேன். வேறு எந்தக் கருவியிலும் ஒரு ஸ்வரம் அப்படித் தெருவை நிறைத்து நிற்பதில்லை. கடகடவென்று பொழிவது பிருகா. நாக்கால் தட்டித் தட்டிச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வாசிப்பது துத்துக்காரம். இந்த மூன்றும் காதில் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது நாயனக்காரரையும் விட்டுவிடாதீர்கள். முதல் ஆள் மூச்சு வாங்கும் இடத்தில் சத்தம் அறுந்துவிடாமல் தாங்குவது அவர். முதல் ஆள் ஒரு பிடியை, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துண்டை, வாசித்துவிட்டு நிறுத்துவார், இவர் அதையே எடுத்து இன்னும் கொஞ்சம் வளர்த்துக் கொடுப்பார். நல்ல ஜோடி என்றால் எங்கே கைமாறியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. முந்தி இதற்கெல்லாம் அடியில் ஒத்து என்ற நீளக் குழல் ஓயாமல் சுருதி கொடுத்துக்கொண்டிருக்கும். விரல் வைக்கத் துளை இல்லாத குழல் அது. இப்போது பெரும்பாலும் மின்சாரச் சுருதிப் பெட்டி வந்துவிட்டது, அதை மைக்கில் சேர்ப்பதும் என் வேலைகளில் ஒன்று.

தவிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ராகம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்பவர்களுக்கு என்னிடம் குறுக்கு வழி ஒன்று உண்டு: தவில். டிரம்ஸ் பிடிக்கும் பையன்களை நான் நேராக அங்கேதான் தள்ளிவிடுவேன்.

தவிலின் கட்டை பலாமரம். தஞ்சாவூர் வீணைக்குக் கூடப் பலாமரம் நம்ம பண்ருட்டியிலிருந்துதான் போகிறது என்பது ஊரறிந்த விஷயம். ஆக, நாம் சுளை தின்ற மரம்தான் கடைசியில் கச்சேரிக்கும் வருகிறது. வலது பக்கம் வலந்தலை. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிப்பார்கள், சத்தம் சுளீரென்று தெறிக்கும். இடது பக்கம் தொப்பி. குட்டையான கழியால் அடிப்பது, அடிவயிற்றில் இறங்கும் சத்தம். பழைய தவிலில் தோல் வார் போட்டு இழுத்துக் கட்டியிருப்பார்கள். இப்போது இரும்பு வளையமும் போல்ட்டும் நட்டும். ஸ்பேனர் போட்டு முறுக்குவதை மேடையிலேயே பார்க்கலாம். சத்தம் கூடியிருக்கிறது, கொஞ்சம் கடினமாகவும் ஆகியிருக்கிறது. எனக்குப் பழைய வார்த் தவிலின் நாதம் பிடிக்கும், ஆனால் அதை இனி யாரும் கட்டப்போவதில்லை.

தாளம் புரிய வேண்டுமானால் தவில்காரரைப் பார்க்காதீர்கள், குழம்பிவிடுவீர்கள். ஜால்ரா தட்டுகிறவரைப் பாருங்கள். கச்சேரி முழுக்க எது நடந்தாலும் அசையாமல் ஒரே கணக்கில் தட்டுவது அவர் ஒருவர்தான். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, மூன்று விரல், தட்டு–வீச்சு, தட்டு–வீச்சு. அதைத் தொடையில் போட்டுக்கொண்டே கேளுங்கள். முதலில் பத்து சுற்றுக்குள் தவறும். சிரிக்க யாரும் இல்லை, திரும்பவும் ஜால்ராவைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். ‘தகிட தகதிமி’ என்று வாயால் சொல்லிப் பார்த்தால் ஏழு எண்ணிக்கை வரும், அது மிஸ்ர சாப்பு. ‘தக தகிட’ என்றால் ஐந்து, கண்ட சாப்பு. ஆரம்பத்துக்கு இந்த மூன்றும் தாராளம்.

இரண்டு தவிலும் தனியாக வாசிக்கும் கட்டம் வந்தால் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒருவர் நீளமாக வாசித்து நிறுத்துவார், மற்றவர் பதில் கொடுப்பார். போகப் போக அளவு குறையும். இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) ஒன்றாகும், ஒன்று பாதியாகும், அப்புறம் கால். இதற்குக் குறைப்பு என்று பெயர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் விழுந்து, மூச்சு விடும் இடைவெளி கூட இல்லாமல் போய், கடைசியில் இருவரும் சேர்ந்து மோரா, கோர்வை என்ற முடிப்புக் கணக்குகளை வைத்து முடிப்பார்கள். அந்த முடிவு நீங்கள் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தில் சரியாக வந்து விழுந்தால், உங்கள் கை தானாகத் தட்டும். ‘கரகாட்டக்காரன்’ படத்தில் கவுண்டமணி தவிலும் செந்தில் நாகஸ்வரமும் வைத்துக்கொண்டு செய்வதைப் பார்த்துவிட்டு இதையும் அப்படி நினைக்கக்கூடாது. அது நையாண்டி மேளம், கரகத்துக்கு வாசிப்பது, அதற்கென்று தனி ருசி உண்டு. கோயிலுக்கு வாசிப்பது பெரிய மேளம். கணக்கும் வேறு, நிதானமும் வேறு.

எதில் கேட்பது, யாரைக் கேட்பது

என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். போன் ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்காதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தொப்பியின் சத்தம் வரவே வராது. தவில் முழுக்க டப்பாவைத் தட்டுவது போலவும் நாயனம் கீச்சென்றும் கேட்கும். நாகஸ்வரம் பிடிக்காது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் பிடிக்காதது அவர்களுடைய போன் ஸ்பீக்கர். நல்ல இயர்போன் பரவாயில்லை. வீட்டில் பழைய பாக்ஸ் ஸ்பீக்கர் இருந்தால் இன்னும் நல்லது. ட்ரெபிளைக் கொஞ்சம் இறக்கி, சத்தத்தைப் பாதியில் வைத்து, பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். சுவர் தாண்டி வரும்போது அதற்கு உரிய தூரம் கிடைத்துவிடுகிறது.

முதலில் காருக்குறிச்சி அருணாசலம். 1921இல் பிறந்து 1964இல் காலமானவர். குறைந்த வயது, ஆனால் கிடைக்கும் பதிவுகள் எல்லாமே தேன். குழைவு அதிகம், புதுக் காதைப் பயமுறுத்தமாட்டார். அடுத்தது மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும் வாசிப்பது போல வாயசைத்தது இவர்களுடைய நாகஸ்வரத்துக்குத்தான். படத்தில் பார்த்த அதே கைகளை மனதில் வைத்துக்கொண்டு இவர்களுடைய முழு நீளக் கச்சேரிப் பதிவைக் கேட்டால் அலுக்காது.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை மூன்றாவதாக வைக்கிறேன். பெரியவர்கள் அடிக்க வருவார்கள் என்று தெரியும். 1898இல் பிறந்து 1956இல் மறைந்த அவர்தான் சக்கரவர்த்தி, காருக்குறிச்சியே அவருடைய சீடர்தான். நாகஸ்வரக்காரர்கள் மேடையில் மரியாதையோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துச் சாதித்தவர். அவருடைய தோடி இசைத்தட்டு ஊர் ஊராக ஒலித்தது. என் அப்பா காலத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர்கள் அதைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள். ஆனால் அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். கரகர சத்தம் உண்டு, தவிலின் கனம் பதிவாகியிருக்காது. நேற்று நேரில் கேட்ட பிரம்மாண்டத்தை மனதில் வைத்துக்கொண்டு நேராக இதற்குப் போனால், இதற்கா இவ்வளவு பெயர் என்று தோன்றிவிடும். தோடி கொஞ்சம் பழகிய பிறகு கேளுங்கள். மூன்று நிமிடத்துக்குள் அந்த மனிதர் எவ்வளவு தூரம் போய்த் திரும்புகிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒவ்வொரு ஸ்வரமும் துடைத்து வைத்தது போல வேண்டும் என்றால் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திராவில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். தஞ்சாவூர் பாணியை விரும்பிக் கற்று, ரங்கநாதர் கோயில் கோபுர நிழலிலேயே வாழ்ந்தார். அவருக்கு அப்புறம் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன். இப்போது வாசிப்பவர்களில் ஷேக் மெஹபூப் சுபானி–காலிஷாபி மெஹபூப் தம்பதியைத் தேடிக் கேளுங்கள். இருவருக்கும் 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பெண்கள் நாகஸ்வரம் வாசிப்பார்களா என்று என்னிடம் ஒரு காலேஜ் பெண் கேட்டாள். மதுரை பொன்னுத்தாய் அந்தக் காலத்திலேயே பேர் வாங்கியவர் என்று சொல்லி, காலிஷாபியின் பதிவை அனுப்பி வைத்தேன். இப்போது அவள் எனக்குப் புதுப்புதுப் பதிவுகள் அனுப்புகிறாள்.

தவிலுக்கு மட்டும் என்றால் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி. வலையப்பட்டி சுப்பிரமணியம், ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் இருவரையும் அதற்கு அடுத்து வைத்துக்கொள்ளலாம். பழைய பதிவு கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். அகில இந்திய வானொலியில் காலை மங்கள இசை இன்றைக்கும் வருகிறது. டீ போடும் நேரத்தில் வைத்துவிட்டால் போதும், ராகத்தின் பெயரை அறிவிப்பாளரே சொல்லிவிடுவார்.

நாகஸ்வரத்தோடு கீபோர்டும் ரிதம் பேடும் சேர்த்த பதிவுகள் நிறைய சுற்றுகின்றன. கேட்கலாம், தப்பில்லை. ஆனால் பழகும் காலத்தில் வேண்டாம் என்பேன். தவில் செய்ய வேண்டிய வேலையை மெஷின் செய்துவிடுகிறது, காது சோம்பேறியாகிவிடுகிறது.

வீதிக்கு வாருங்கள்

மேடைக் கச்சேரிக்கு நான் மைக் வைக்கிறேன். சுவாமி வீதியுலா கிளம்பிவிட்டால் எனக்கு வேலை இல்லை, ஏனென்றால் அங்கே மைக்கே கிடையாது. ஒயரைச் சுருட்டிப் பையனிடம் கொடுத்துவிட்டு மேளத்தோடு கூடவே நடப்பது என் வழக்கம். நான் நாகஸ்வரம் கற்றுக்கொண்டது என்று ஏதாவது இருந்தால் அது இந்த நடையில்தான். வெட்டவெளிக்காகவே செய்த கருவி இது. ஆச்சா மரத்தைக் கடைந்து செய்த உடல், முனையில் அணசு என்கிற அகன்ற வாய், மேலே வாயில் வைத்து ஊத நாணலில் செய்த சீவாளி. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஏழு விரல் துளைகளுக்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கும், அவற்றை மெழுகு வைத்து அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரி செய்வார்கள். குழலிலிருந்து நூலில் தொங்கும் சின்னச் சின்னப் பொருள்கள் அலங்காரம் இல்லை, மாற்றுச் சீவாளிகள். வித்வான் ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகும்போது நாதம் மாறுகிறதா என்று காது கொடுத்துப் பாருங்கள்.

எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். அணசுக்கு நேர் எதிரே பக்கத்தில் நிற்காதீர்கள், காது அடைத்துவிடும். இருபது முப்பது அடி தள்ளி, கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள். மேளத்துக்கும் சுவாமிக்கும் நடுவில் போகக்கூடாது, அது மரியாதையும் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்ன என்றால், ஊர்வலத்தோடு தள்ளுமுள்ளில் நடக்காமல் முன்கூட்டியே அடுத்த தெருமுனைக்குப் போய்விடுவது. திருப்பத்தில் சுவாமி நிற்கும், மேளம் நின்று விஸ்தாரமாக வாசிக்கும். திண்ணை ஏதாவது கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.

சுவாமி புறப்படும்போது வாசிப்பது மல்லாரி. கம்பீரநாட்டை ராகம், வார்த்தை எதுவும் கிடையாது. தேருக்குத் தேர் மல்லாரி, அபிஷேகத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும்போது தீர்த்த மல்லாரி, நைவேத்தியத்துக்குத் தளிகை மல்லாரி என்று காரியத்துக்கு ஒன்று உண்டு. கோயில் வாசலுக்குள் முன்கூட்டியே போய் நின்றால்தான் முழுசாகக் கேட்க முடியும். வீதியில் ராக ஆலாபனை, நேரமிருந்தால் ரக்தி, அதாவது வார்த்தையில்லாமல் தாளத்தோடு ராகத்தை விரித்து வாசிப்பது. ரக்தி வாசிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எங்காவது காதில் பட்டால் வீட்டுக்குப் போன் செய்து தாமதமாகும் என்று சொல்லிவிடுங்கள். சுவாமி திரும்பி வந்த பிறகு ஊஞ்சல், லாலி, அப்புறம் நீலாம்பரி. விடியற்காலை என்றால் பூபாளம், பௌளி.

நம் பக்கத்தில் வருஷம் முழுக்க வாய்ப்பு இருக்கிறது. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலும், புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் பல ஊர்ச் சுவாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். பல ஊர் மேளங்களை ஒரே நாளில் ஒப்பிட்டுக் கேட்க இதைவிட இடம் இல்லை. அம்மன் கோயில் சுவாமிகளோடு பம்பையும் உடுக்கையும் வரும், அதையும் கேளுங்கள். வைகாசியில் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர், திருவதிகை, வில்லியனூர் திருக்காமீஸ்வரர் என்று தேர் வரிசையாக வரும். வில்லியனூர்த் தேரைப் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னரே வடம் பிடித்து இழுக்கும் வழக்கம், அதனால் கூட்டம் தாங்காது. தேரன்று காலையில் ஜனங்கள் போடும் சத்தத்தில் நாகஸ்வரம் காதில் விழாது. அதற்கு முந்தைய நாட்களில் ராத்திரி வாகனப் புறப்பாட்டுக்குப் போங்கள். ஆனி, மார்கழி இரண்டு மாதமும் சிதம்பரம். தேருக்கு மறுநாள் ஆயிரங்கால் மண்டபத்திலிருந்து நடராஜர் ஆடிக்கொண்டே சித்சபைக்குத் திரும்பும் தரிசனத்துக்குக் கூட்டத்தைப் பொறுத்துக்கொண்டாவது ஒரு தடவை நின்றுவிடுங்கள்.

போகக்கூடாத இடம் ஒன்றும் சொல்கிறேன். முகூர்த்த நாளில் திருவந்திபுரம். ஒரே காலையில் அத்தனை கல்யாணம் நடக்கும், இந்தப் பக்கம் ஒரு மேளம் ஒரு ராகத்தில் போகும்போதே அந்தப் பக்கம் இன்னொரு தாலிக்குக் கெட்டிமேளம் முழங்கும். சாப்பாட்டுக்குப் போகலாம், பாட்டுக்கு வேண்டாம்.

கற்றுக்கொள்ளவே ஆசை வந்துவிட்டது என்றால் கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நாகஸ்வரமும் தவிலும் அங்கே பாடங்கள். மூன்று வருஷப் படிப்பு. வயது வரம்பு உண்டு, நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டு விசேஷத்துக்கு அழைப்பதென்றால்

ரசிகராகிவிட்டால் அடுத்தது இதுதான், தங்கை கல்யாணத்துக்கு நல்ல மேளம் வைக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டு நாயனம், இரண்டு தவில், தாளம், சுருதி என்று முழு செட்டாகப் பேசுங்கள். ஆளைக் குறைத்துப் பணத்தை மிச்சம் பிடித்தால் ஒற்றை நாயனக்காரர் மூச்சு விட இடமில்லாமல் தவிப்பார். முந்தின நாள் வரவேற்பில் முக்கால் மணி நேரமாவது அவர்களுக்கென்று ஒதுக்கி, அதை டிஜே பையனிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு மண்டபத்தில் வித்வான் காம்போதி ராகத்தை எடுத்து மேலே போய்க்கொண்டிருக்கும்போது பெண் வீட்டார் டிஜேவைப் போடச் சொல்லிவிட்டார்கள். மைக் என்னுடையது, திட்டு எனக்கும் கிடைத்தது. வாசித்தவர் எதுவும் பேசாமல் சீவாளியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

சினிமாப் பாட்டு கேட்கலாமா என்று சிலர் தயங்குவார்கள். தாராளமாகக் கேளுங்கள், அவர்களும் ஆசையாக வாசிப்பார்கள். ராகம் நடுவில் இருக்கும்போது சீட்டு எழுதி நீட்டாமல், அது முடிந்த பிறகு கேளுங்கள். அதே ராகத்தில் உள்ள பாட்டாகக் கேட்டால் வித்வான் உங்களை ஒரு பார்வை பார்ப்பார், அதற்கப்புறம் அன்றைக்கு வாசிப்பே வேறு மாதிரி இருக்கும். சாப்பாட்டை மட்டும் கடைசிப் பந்திக்குத் தள்ளிவிடாதீர்கள். ஊதுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், வயிறு நிரம்பிய உடனேயும் ஊத முடியாது. மேடையை வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் போடாமல், ஜனங்கள் உட்காரும் பக்கம் முகம் இருக்கும்படி உள்ளே போடச் சொல்லுங்கள்.

மைக் விஷயத்தில் மண்டபத்து மைக்செட்காரரிடம் நீங்களே சொல்ல வேண்டியது: நாயனத்துக்கு அணசுக்குள் மைக்கைத் திணிக்காமல், இரண்டு பேருக்கும் நடுவில், மூன்றடி தள்ளி ஒன்று போதும். தவிலுக்குத் தொப்பிப் பக்கம் ஒன்று வைத்தால் சரி, வலந்தலைக்குத் தேவையே இல்லை. சின்ன மண்டபம் என்றால் சுருதிப் பெட்டிக்கு மட்டும் மைக் கொடுத்துவிட்டு மற்றதை அணைத்துவிடலாம். எக்கோ வேண்டவே வேண்டாம். போட்டுத்தான் ஆவேன் என்று அவர் அடம்பிடித்தால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.